ஒரே ஒலியட்டையை ஸூம், ஓர்கா, ஓடாசிட்டி மூன்றும் லினக்ஸில் பகிர்ந்துகொள்வது எப்படி?

கொட்டகலை_ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். தோட்டப் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் சிறிய கணினி அறையில் லினக்ஸ் மின்ட் 21 நிறுவப்பட்ட பழைய மேசைக் கணினி ஒன்று இருக்கின்றது. தாய்ப்பலகையுடன் வந்த ரியல்டெக் ஒலிச் சில்லைத் தவிர அதில் வேறு ஒலியட்டை கிடையாது. பார்வையற்ற மாணவி ஒருவர் உயர்தர வகுப்புப் பாடங்களை இதில் ஸூம் வழியாகக் கேட்கின்றார். திரையில் இருப்பவற்றை ஓர்கா திரைவாசிப்பான், எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக் நிரலின் தமிழ்க் குரலில் அவருக்கு வாசித்துச் சொல்கின்றது. பாடங்களைப் பதிவுசெய்து மீண்டும் கேட்பதற்கு ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலைப் பாவிக்கின்றோம். பதிவுக்கு விரிவுரையாளரின் அனுமதியும் பெற்றிருக்கின்றோம்.

பாடம் நடந்துகொண்டிருக்கும்போது ஓடாசிட்டியில் பதிவுப் பொத்தானை அழுத்தினால், ஒலிச் சாதனத்தைத் திறக்க முடியவில்லை என்ற செய்தி வருகின்றது. பாடம் இல்லாத வேளையில் பழைய பதிவு ஒன்றை ஓடாசிட்டியில் ஓடவிட்டால் அது நன்றாகவே ஒலிக்கின்றது. ஆனால் ஓர்கா பேசாமல் நின்றுவிடுகின்றது. கண் தெரிந்தவருக்கு இது ஒரு சிறிய தொல்லை மட்டுமே. அந்த மாணவிக்கோ ஓர்கா வாயை மூடிவிட்டால் ஓடாசிட்டியை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கின்றது என்பதுகூடத் தெரியாமல் போகின்றது. இன்னோர் ஒலியட்டை வாங்குவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதுளை_முனையம்

வணக்கம் சேர். வாங்குவதற்கு முன்னர் இரண்டு விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஓர்கா மௌனமாகும் அந்த வேளையில் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்யும் முனையத்தைத் திறந்து, 'பியூசர்' கட்டளையை 'வி' தெரிவுடன், 'டெவ்' அடைவுக்குள் இருக்கும் 'எஸ்என்டி' அடைவின் எல்லாக் கோப்புகள் மீதும் ஓட்டுங்கள். ஒலிச் சாதனத்தை எந்த நிரல் பிடித்திருக்கின்றது என்பதை அது பெயருடன் காட்டும். அடுத்து, ஓடாசிட்டியின் கருவிப் பட்டையில் ஒலிவெளியீட்டுச் சாதனமாக எது தெரிவுசெய்யப்பட்டிருக்கின்றது என்பதை அப்படியே எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கள்.

கொட்டகலை_ஆசிரியர்

பார்த்தேன் தம்பி. ஒலிவெளியீட்டுக்கான கோப்பை ஓடாசிட்டி மட்டுமே பிடித்திருக்கின்றது. ஒலிச் சேவையான பல்ஸ்ஓடியோவின் பெயர் கட்டுப்பாட்டுக் கோப்புக்கு நேராக மாத்திரம் வருகின்றது. ஓடாசிட்டியில் தெரிவாகியிருப்பது 'எச்டிஏ இன்டெல் பிசிஎச்' என்று தொடங்கி, 'எச்டபிள்யூ:0,0' என்று முடியும் பெயராகும்.

பதுளை_முனையம்

காரணம் அந்த 'எச்டபிள்யூ' (ஹார்ட்வெயார், அதாவது வன்பொருள்) தான் சேர். சற்று விரிவாகவே எழுதுகின்றேன். இதே கேள்வி மின்ட் பாவிப்பவர்களிடமிருந்து அடிக்கடி வருகின்றது.

உங்கள் தாய்ப்பலகையில் இருப்பது போன்ற சில்லுகள், ஒலிவெளியீட்டுக்கான ஒரு பாதையில் ஒரே நேரத்தில் ஓர் ஓடையைத்தான் (ஒரு நிரல் தொடர்ந்து அனுப்பும் ஒலியைத்தான்) ஏற்கும். பல ஓடைகளைத் தாமாகக் கலந்துகொள்ளும் சுற்று அவற்றில் இல்லை. ஆகவே லினக்ஸின் கருவான கேர்னலில் உள்ள அல்சா என்ற ஒலி இயக்கியிடம் முதலில் வந்து சாதனத்தைத் திறந்த நிரலே, அதை மூடும் வரை உரிமையாளர். இரண்டாவதாக வருபவருக்குச் 'சாதனம் பயன்பாட்டில் உள்ளது' என்ற பதிலே கிடைக்கும். லயத்துப் பீலியில் முதலில் குடத்தை வைத்தவர் எடுக்கும் வரை மற்றவர்கள் நிற்க வேண்டியிருப்பதைப் போன்றதுதான் இதுவும்.

இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே பல்ஸ்ஓடியோ என்ற இடைநிலைச் சேவை இருக்கின்றது. சாதனத்தைத் தான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, ஸூம், ஓர்கா, உலாவி ஆகிய அனைத்தின் ஒலியையும் வாங்கி, வினாடிக்கான ஒலி மாதிரிகளின் வீதத்தைச் சமப்படுத்தி, ஒன்றாகக் கூட்டி, ஒரே ஓடையாக அட்டைக்கு அனுப்புவது அதன் வேலை. எல்லா நிரல்களும் அதனிடம் பேசும் வரை எந்தச் சண்டையும் வராது. 'எச்டபிள்யூ' என்று தொடங்கும் பெயரைத் தெரிவுசெய்த நிரல் மாத்திரம் அதைச் சுற்றிக்கொண்டு நேரே வன்பொருளிடம் போய்விடுகின்றது.

ஒரு நேரம் ஒரு விதமாகவும் இன்னொரு நேரம் வேறு விதமாகவும் பிழை தோன்றுவதன் காரணமும் இங்கேயே இருக்கின்றது. பல்ஸ்ஓடியோ தன்னிடம் ஓடை எதுவும் இல்லாமல் ஏறத்தாழ 5 வினாடிகள் கழிந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சாதனத்தை மூடிவிடும். பாடம் நடக்கும்போது ஸூமின் ஒலி இடைவிடாது வருவதால் அது சாதனத்தை விடுவதில்லை. ஓடாசிட்டிக்குப் பிழைச் செய்தி கிடைக்கின்றது. பாடம் முடிந்து ஓர்காவும் சற்று அமைதியாக இருக்கும் இடைவெளியில் சாதனம் விடுபடுகின்றது. ஓடாசிட்டி அதைப் பிடித்துக்கொள்கின்றது. பிறகு ஓர்கா பேச முற்படும்போது பல்ஸ்ஓடியோவினால் சாதனத்தைத் திரும்பத் திறக்க முடிவதில்லை. அந்த நிலையில் யாராவது பல்ஸ்ஓடியோவை மீள ஆரம்பித்தால், அட்டையே காணாமல் போய் 'டம்மி அவுட்புட்' என்ற போலி வெளியீடு மட்டும் பட்டியலில் நிற்கும். இதைக் கண்டு ஒலியட்டை பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிய அட்டை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது மிகச் சிறியது. ஓடாசிட்டியின் ஒலிவெளியீடு, ஒலிப்பதிவு இரண்டு பட்டியல்களிலும் 'எச்டபிள்யூ' உள்ள பெயர்களை விட்டுவிட்டு, 'பல்ஸ்' அல்லது 'டிஃபோல்ட்' என்ற பெயரைத் தெரிவுசெய்யுங்கள். வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

பண்டாரவளை_பழையவர்

தம்பி சொன்ன காரணம் சரியானதே. இருப்பினும், பழைய கணினிகளுக்கு இத்தனை அடுக்குகள் தேவைதானா என்பது என்னுடைய நெடுநாள் கேள்வி.

நான் லினக்ஸுக்கு வந்த காலத்தில் ஓஎஸ்எஸ் என்ற இயக்கிதான் இருந்தது. 'டெவ்' அடைவில் உள்ள 'டிஎஸ்பி' என்ற ஒரு கோப்பை ஒரு நிரல் திறந்தால் மற்றது வாயைத் திறக்க முடியாது. அதற்காக ஒரு மேசைத்தளத்துக்கு ஈஎஸ்டி, இன்னொன்றுக்கு ஆர்ட்ஸ் என்று ஆளுக்கொரு கலப்புச் சேவையை வைத்திருந்தார்கள். அந்தச் சேவைகளே தமக்குள் அட்டைக்காகச் சண்டையிட்டன. சவுண்ட் பிளாஸ்டர் லைவ் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கவலை இருக்கவில்லை. அதன் சில்லு பல ஓடைகளைத் தானாகவே கலந்துவிடும். 2003 டிசம்பரில் 2.6 கேர்னல் வந்தபோது அல்சா நிலைபெற்றது. பின்னர் டிமிக்ஸ் என்ற செருகியை, வன்பொருட் கலப்பு இல்லாத அட்டைகளுக்கு அல்சா நூலகமே இயல்பாகப் பாவிக்கத் தொடங்கியது.

டிமிக்ஸின் அழகு என்னவென்றால், அதற்குத் தனியான சேவை எதுவும் தேவையில்லை. ஒவ்வொரு நிரலும் நினைவகத்தில் பொதுவாக உள்ள ஓர் இடத்தில் தன்னுடைய ஒலி மாதிரிகளை (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்களை) தானே கூட்டிவிட்டுப் போகின்றது. ஒலிப்பதிவுப் பக்கத்துக்கு இதே வேலையை டிஸ்நூப் செய்கின்றது. ஒரு கிகாபைட் நினைவகம் உள்ள கணினியிலும் இது சுமையாக இருக்காது. என்னுடைய வீட்டில் பாட்டுக் கேட்கும் கணினியில் இன்றுவரை பல்ஸ்ஓடியோ கிடையாது.

பதுளை_முனையம்

ஐயா, பாட்டுக் கேட்கும் கணினிக்கு அது போதும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் சேரின் கணினிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பயர்பொக்ஸ் 2017இல் வெளியான 52ஆம் பதிப்பிலிருந்து அல்சாவுக்கான நேரடி ஆதரவை விட்டுவிட்டது. பல்ஸ்ஓடியோ இல்லாவிட்டால், மின்ட் போன்ற லினக்ஸ் விநியோகமே அதைத் தனியாகத் தொகுத்துக் கொடுத்தாலன்றி, உலாவியில் ஒலி வராது. அத்துடன் டிமிக்ஸில் ஒவ்வொரு நிரலின் ஒலியளவையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கவோ, ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை இன்னோர் அட்டைக்கு மாற்றவோ முடியாது. ஓர்காவின் குரலைப் பாடத்தின் குரலிலிருந்து பிரித்துக் கேட்க வேண்டிய ஒருவருக்கு அந்த இரண்டும் அவசியமானவை.

பண்டாரவளை_பழையவர்

உலாவி பற்றிய நியாயத்தை ஏற்றுக்கொள்கின்றேன். சேவை இல்லாத எளிமையை விட்டுக்கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

கொட்டகலை_ஆசிரியர்

இரண்டு பட்டியல்களிலும் 'பல்ஸ்' என்று மாற்றினேன். மூன்று நிரல்களும் இப்போது ஒன்றாக ஒலிக்கின்றன. மாணவிக்கு மிகுந்த மகிழ்ச்சி. இருவருக்கும் நன்றி.

எனினும் இன்னும் இரண்டு குறைகள் இருக்கின்றன. பாடத்தைப் பதிவுசெய்யும்போது ஓர்காவின் குரலும் சேர்ந்து பதிவாகின்றது. விரிவுரையாளர் இரசாயனச் சமன்பாட்டை விளக்கும் இடத்தில், 'பொத்தான், ஒலியை நிறுத்து' என்று ஈஸ்பீக் குறுக்கே பேசுகின்றது. மேலும், ஓர்காவும் விரிவுரையாளரும் ஒரே நேரத்தில் பேசும் இடங்களில் ஒலி கரகரக்கின்றது.

நானுஓயா_ஒலிப்பதிவு

வணக்கம் சேர். இரண்டாவது குறையை முதலில் முடித்துவிடுவோம். கலப்பான் செய்வது வெறும் கூட்டல்தான். இரண்டு ஓடைகளும் உச்ச அளவுக்கு அருகில் வந்தால், கூட்டுத்தொகை அட்டை ஏற்கும் எல்லையைத் தாண்டும். தாண்டிய அலையின் முனைகள் வெட்டப்படும். அதுவே கரகரப்பாகக் கேட்கின்றது. பல்ஸ்ஓடியோ ஒலியளவுக் கட்டுப்பாடு என்ற நிரலைத் திறந்து, பிளேபேக் தத்தலில் ஸூமுக்கும் ஓர்காவின் பேச்சுச் சேவைக்கும் உரிய அளவுகளை 70 சதவீதம் போன்ற ஓர் அளவுக்கு இறக்குங்கள். எந்த நிரலையும் 100க்கு மேல் ஏற்றி வைக்காதீர்கள். 100 என்பது மாற்றமில்லாத அளவு. அதற்கு மேல் உள்ளதெல்லாம் எண்களைப் பெருக்கிக் காட்டுவது மட்டுமே. ஒலி போதவில்லை என்றால் ஒலிபெருக்கியின் திருகில் கூட்டுங்கள்.

முதலாவது குறைக்கு வருகின்றேன். நீங்கள் இப்போது பதிவுசெய்வது வெளியீட்டின் 'மொனிட்டர்' என்று நினைக்கின்றேன். அட்டைக்குப் போகும் எல்லாமே கலந்த பிறகு கிடைக்கும் பிரதி அது. ஆகவே அதில் ஓர்கா இருக்கத்தான் செய்யும். கலப்பதற்கு முன்னர் ஸூமை மட்டும் தனியே எடுக்க வேண்டும். அதற்குப் பல்ஸ்ஓடியோவிலேயே ஒரு வழி இருக்கின்றது. 'பாக்டிஎல்' கட்டளையால் 'மொடியூல் நல் சிங்க்' என்ற கூறை ஏற்றினால், எந்த வன்பொருளுடனும் இணையாத ஒரு போலி வெளியீடு உருவாகும். அதற்குப் 'பாடம்' என்று பெயர் வைப்பதாகக் கொள்வோம், ஆனால் பெயரை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சுச் செய்யுங்கள். ஸூமின் ஓடையை ஒலியளவுக் கட்டுப்பாட்டில் அந்தப் 'பாடம்' வெளியீட்டுக்குத் திருப்பிவிடுங்கள். இப்போது ஸூமின் ஒலி அங்கே போய்விடுவதால் மாணவியின் காதுக்கு எதுவும் வராது. ஆகையால் அடுத்ததாக 'மொடியூல் லூப்பேக்' என்ற கூறை ஏற்றி, 'பாடம்' வெளியீட்டின் மொனிட்டரை மூலமாகவும் உண்மையான ஒலியட்டையை இலக்காகவும் கொடுங்கள். பாடம் மீண்டும் காதில் விழும். ஓடாசிட்டி பதிவுசெய்யத் தொடங்கியதும் ரெக்கோர்டிங் தத்தலில் அதன் மூலத்தைப் 'பாடம்' மொனிட்டராக மாற்றுங்கள். ஓர்கா நேரடியாக அட்டைக்குப் போகின்றது. பதிவில் அது இராது.

லூப்பேக் இயல்பாக 200 மில்லிவினாடித் தாமதத்தைச் சேர்க்கும். விரிவுரை கேட்பதற்கு அது தடையல்ல. வேண்டுமென்றால் கூறை ஏற்றும்போதே குறைத்துக்கொள்ளலாம். ஸூமை எங்கே திருப்பினீர்கள் என்பதைப் பல்ஸ்ஓடியோ நினைவில் வைத்துக்கொள்ளும். ஏற்றிய இரண்டு கூறுகளும் மீள ஆரம்பித்தால் போய்விடும். நிலையாக இருக்க வேண்டுமானால் மாணவியின் கணக்கில் உள்ள பல்ஸ் அமைப்புக் கோப்பில், தொகுதியின் பொதுக் கோப்பை உள்ளடக்கும் வரிக்குக் கீழே அந்த இரண்டு வரிகளையும் சேர்க்க வேண்டும். பொதுக் கோப்பை உள்ளடக்காமல் இரண்டு வரிகளை மட்டும் எழுதி வைத்தால் அட்டையே ஏற்றப்படாமல் போகும் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்தப் பதிவில் மாணவி கேட்கும் கேள்விகள் வராது. அவருடைய ஒலிவாங்கியின் ஓடை ஸூமுக்குள் போகின்றதே தவிர ஸூமிலிருந்து வெளியே வருவதில்லை.

தலவாக்கலை_தப்பு

இதே இழையில் கேட்பது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கின்றேன். எங்கள் பகுதியில் மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தின் பாடல்களைப் பதிவுசெய்து வருகின்றோம். முதலில் பாடகரின் குரலைப் பதிவுசெய்துவிட்டு, அதைக் காதொலிப்பானில் கேட்டுக்கொண்டே தப்பு அடிப்பவர் வாசிக்க வேண்டும். ஆர்டோர் என்ற பதிவு நிரலை ஜாக் சேவையுடன் ஓட்டுகின்றேன். ஜாக் ஓடத் தொடங்கியதும் உலாவியும் மற்ற நிரல்களும் ஊமையாகின்றன. பல்ஸ்ஓடியோ வழியாக ஓட்டினால், வாசிப்பவர் தன் அடியைக் காதொலிப்பானில் பிந்திக் கேட்பதால் தாளம் தப்புகின்றது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாதா?

நானுஓயா_ஒலிப்பதிவு

முடியும், பைப்வயர் என்ற ஒலிச் சேவைக்கு மாறுங்கள். ஜாக் 2002ஆம் ஆண்டளவில் பால் டேவிஸ் என்பவரால் உருவாக்கப்பட்டபோதே, தாமதத்தைக் குறைப்பதே அதன் நோக்கமாக இருந்தது. ஆகவே அது அட்டையை முழுமையாகத் தன் கையில் எடுத்துக்கொள்கின்றது. ஜாக் கேட்டவுடன் பல்ஸ்ஓடியோ அட்டையை மரியாதையாக விட்டுக்கொடுத்து ஒதுங்குவதற்குத் தனி ஏற்பாடே உண்டு; உங்கள் உலாவி ஊமையாவது அதனால்தான். விம் டேமன்ஸ் தொடங்கிய பைப்வயர், பல்ஸ்ஓடியோவிடம் பேசும் நிரல்களையும் ஜாக்கிடம் பேசும் நிரல்களையும் அல்சாவின் 'டிஃபோல்ட்' பெயரைத் திறக்கும் நிரல்களையும் ஒரே சேவைக்குள் வாங்கிக்கொள்கின்றது. 2021 ஏப்ரலில் வெளியான ஃபெடோரா 34 என்ற லினக்ஸ் பதிப்பு அதை ஒலிக்கான இயல்புச் சேவையாக்கியது. மின்ட் 22இலும் அதுவே இயல்பாக வருகின்றது.

தாமதத்தைப் பொறுத்தவரை, பைப்வயர் ஒலியைத் துண்டு துண்டாகக் கையாள்கின்றது. இயல்பான துண்டின் நீளம் 1024 மாதிரிகள்; வினாடிக்கு 48000 மாதிரி வீதத்தில் அது ஏறத்தாழ 21 மில்லிவினாடி. 256 என்று கேட்டால் 5.3 மில்லிவினாடி. இந்தத் தாமதம் உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே போகும்போது ஒரு முறையும் சேர்கின்றது. வன்பொருளின் தாமதம் அதற்கு மேல் இருக்கின்றது. தப்பின் அடி கூர்மையானது. வாய்ப்பாட்டில் தெரியாத பிந்தல் அதில் உடனே தெரிந்துவிடும். எனவே 256 அல்லது 128இல் தொடங்குங்கள்.

சிறிய துண்டைக் கேட்ட நிரல் எதுவோ, அதன் அளவிலேயே அட்டை ஓட்டப்படும். அப்போது உலாவியும் அந்த வேகத்திலேயே பணியாற்ற வேண்டியிருப்பதால் செயலியின் சுமை கூடும். 'பிடபிள்யூ டொப்' என்ற நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிழைகளின் எண்ணிக்கையைக் காட்டும் நெடுவரிசையைப் பாருங்கள். பதிவின்போது அந்த எண் ஏறிக்கொண்டே போனால் இடையிடையே ஒலி அறுபடுகின்றது என்று பொருள். துண்டை ஒரு படி பெரிதாக்குங்கள். உண்மையான பதிவு நடக்கும் வேளையில் உலாவியை மூடிவிடுவதே நல்லது. பகிர முடியும் என்பதற்காக எப்போதும் பகிர வேண்டும் என்பதில்லை.

பதுளை_முனையம்

ஒரு சிறிய சேர்க்கை. பைப்வயருக்கு மாறிய பின்னரும் 'எச்டபிள்யூ' பெயரைத் தெரிவுசெய்தால் பழைய சண்டை அப்படியே திரும்பி வரும். ஏனெனில் அட்டை இன்னமும் ஓர் ஓடையைத்தான் ஏற்கின்றது. அத்துடன், பல்ஸ்ஓடியோவின் அமைப்புக் கோப்பைப் பைப்வயர் வாசிப்பதில்லை. சேர் பின்னொரு நாள் மின்ட் 22க்கு ஏறினால், 'பாடம்' வெளியீட்டைப் பைப்வயரின் அமைப்பில் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

கொட்டகலை_ஆசிரியர்

'பாடம்' வெளியீடு வேலை செய்கின்றது. பதிவில் விரிவுரையாளர் மட்டுமே இருக்கின்றார். கரகரப்பும் போய்விட்டது.

மாணவிக்கு ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த மடிகணினியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பேச்சு வழியாகவே நிறுவினோம். அதில் உள்நுழைவதற்கு முன்னர் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரையிலும் குரல் வருகின்றது. ஆனால் மேசைத்தளத்துக்குள் போனதும் சில வேளைகளில் ஓர்கா பேசுவதில்லை. இதுவும் அதே சண்டைதானா?

பதுளை_முனையம்

அதே சண்டைதான் சேர். ஆட்கள் மட்டும் வேறு. பேச்சு வழியாக டெபியனை நிறுவினால் 'ஈஸ்பீக்கப்' என்ற சேவையும் சேர்ந்து நிறுவப்படும். கணினி ஆரம்பிக்கும்போதே அது நிர்வாகியான ரூட் கணக்கின் கீழ் ஓடத் தொடங்கி, நேரடியாக அல்சாவிடம் பேசுகின்றது. மாணவியின் கணக்கில் ஓடும் பைப்வயரோ பல்ஸ்ஓடியோவோ அந்த வேளையில் இன்னும் பிறக்கவே இல்லை. அவர் உள்நுழைந்ததும், வேறொரு கணக்கு பிடித்திருக்கும் அட்டையைத் திறக்க முடியாமல் மேசைத்தளம் ஊமையாகின்றது.

உள்நுழைந்த பின்னர் கறுப்புத் திரையை அவர் பாவிப்பதில்லை என்றால் ஈஸ்பீக்கப்பை நிறுத்திவிடலாம்; உள்நுழைவுத் திரையிலேயே ஓர்காவை இயங்கச் செய்ய முடியும். இரண்டும் வேண்டுமென்றால், இங்கேதான் மலிவான யூஎஸ்பி ஒலிக் குச்சி ஒன்று வாங்குவதை நான் பரிந்துரைப்பேன்: கறுப்புத் திரையின் குரல் குச்சிக்கும், மற்றவை உள்ளே இருக்கும் அட்டைக்கும் போகட்டும்.

பண்டாரவளை_பழையவர்

செலவில்லாத வழியும் இருக்கின்றது. பல்ஸ்ஓடியோ உள்ள கணினியில், அதை அட்டையை நேரே திறக்க விடாமல் டிமிக்ஸைத் திறக்கும்படி அமைக்கலாம். டிமிக்ஸின் பொது நினைவகத்தை ரூட்டும் மாணவியின் கணக்கும் பாவிக்கும்படி அனுமதியைத் தளர்த்திவிட்டால், இருவரின் ஒலியும் கலந்து வரும். நீங்கள் தள்ளிவைத்த டிமிக்ஸ்தான், தம்பி.

பதுளை_முனையம்

ஏற்றுக்கொள்கின்றேன் ஐயா, இந்த ஓர் இடத்தில் அது பொருத்தமானதே. தாமதமும் மின்சாரச் செலவும் சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

குச்சி வாங்குவதானால் சேர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணினி ஆரம்பிக்கும் ஒவ்வொரு முறையும் அட்டைகளின் இலக்கங்கள் இடம் மாறக்கூடும். இன்று பூச்சியமாக இருக்கும் அட்டை நாளை ஒன்றாகலாம். ஆகவே ஈஸ்பீக்கப் சேவைக்கு எந்த அட்டை என்பதைச் சொல்லும் 'அல்சா கார்ட்' என்ற சூழல் மாறியைக் கொடுக்கும்போது இலக்கத்தை எழுதாமல், 'ப்ரொக்' அடைவின் 'அசவுண்ட்' பகுதியில் உள்ள அட்டைப் பட்டியலில் சதுர அடைப்புக்குள் தெரியும் பெயரை எழுதுங்கள். குச்சியைச் செருகி அந்தப் பட்டியலை இங்கே ஒட்டினால், எந்த வரியை எங்கே எழுதுவது என்று சொல்கின்றேன்.